ஆட்டத்துக்கு மட்டும் தேதி உறுதியா?

கேள்வி: நானும் மனைவியும் சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லில் வசிக்கிறோம். ஜூலையில் காரிலேயே 12 நாள் பயணம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறேன். முதல் நாள் மாலை கிளீவ்லாந்தில் பேஸ்பால் ஆட்டம், இரவு ஓட்டலில் தங்கல், மறுநாள் காலை மைத்துனர் வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு நயாகரா. பிறகு வாட்கின்ஸ் கிளென் அருவிகள், கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகம், பாஸ்டனில் என் தங்கை வீட்டில் 3 நாள், ஃபென்வே பார்க்கில் ஓர் ஆட்டம். திரும்பும் வழியில் பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில், அன்று மாலை அங்கேயும் ஓர் ஆட்டம், மறுநாள் நேராக வீடு. கூப்பர்ஸ்டவுனை விட்டுவிட்டுக் கிளீவ்லாந்தில் கூடுதலாக 2 நாள் தங்க வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடிக்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் ஆகஸ்ட் வரை மைத்துனர் வீட்டில்தான் இருக்கிறார். கிரிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர். அவரும் மூன்று முறை போன் செய்து, என்றைக்கு வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். ஆட்டத் தேதிகள் மாறக்கூடும், பிறகு சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தங்கை அலுவலகத்தில் லீவு எடுக்க வேண்டும் என்பதால் அவளுக்கு மார்ச்சிலேயே தேதி சொல்லியாகிவிட்டது. இனி எதையும் மாற்ற முடியாது. ஆண்டு முழுவதும் உழைக்கும் எனக்கு இந்த ஒரு பயணத்தை நிம்மதியாக அனுபவிக்க உரிமை இல்லையா? மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், இல்லினாய்

பதில்: உங்கள் மனைவிக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை. திட்டம் அவருக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. புரிந்ததால்தான் மறுக்கிறார்.

நான் உங்கள் கடிதத்தில் வேறோர் இடத்தில் நின்றுவிட்டேன். ஆட்டத் தேதிகள் மாறக்கூடும் என்று மாமனாரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கூப்பர்ஸ்டவுன் வரை போய்த் தரிசனம் செய்கிற அளவுக்குப் பேஸ்பாலில் ஊறியவருக்கு, தாம் சொன்னது உண்மையல்ல என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை. 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டங்கள், அவற்றில் பாதி சொந்த மைதானத்தில். இத்தனையையும் ஒழுங்குபடுத்திய அட்டவணை, மார்ச் இறுதியில் முதல் பந்து வீசப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே வெளியாகிவிடுகிறது. மழை பெய்தால் ஓர் ஆட்டம் தள்ளிப்போகலாம்; அதையும் பெரும்பாலும் வேறொரு நாளில் இரண்டாவது ஆட்டமாகச் சேர்த்து ஆடிவிடுவார்கள். அப்படி மழை பெய்தாலும் நீங்கள் பயணத்தை மாற்றப்போவதில்லை, பாஸ்டனில் தங்கை லீவு போட்டுவிட்டார். ஆக, நீங்கள் கிளீவ்லாந்துக்குப் போகும் நாள் மார்ச் மாதத்திலேயே முடிவாகிவிட்டது. டிக்கெட் விற்றவருக்கு அது தெரியும், ஓட்டல்காரருக்குத் தெரியும், உங்கள் தங்கைக்குத் தெரியும். கேட்டுக் கேட்டும் தெரியாமல் இருப்பவர் உங்கள் மனைவியைப் பெற்றவர் ஒருவர்தான். அவரிடம் நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். சின்னப் பொய்தானே என்று எனக்கு மறுகடிதம் எழுத வேண்டாம்.

அவர் ஏன் தம் மகளைக் கேட்காமல் உங்களைக் கேட்கிறார் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? மகளிடம் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் மகள் வீட்டு ஏற்பாட்டை மருமகன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் மரியாதை என்று வளர்ந்த தலைமுறை அது. அந்த வழக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது, மகளையே நேராகக் கேட்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனாலும் அவர் உங்களுக்குக் கொடுத்த இடம் பெரியது. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு முறை அல்ல, மூன்று முறை அவரைக் கேட்க வைத்திருக்கிறீர்கள். வயதான ஒருவர் மூன்றாம் முறை கேட்பதற்கு முன்னால் போனைக் கையில் எடுத்து எத்தனை தடவை கீழே வைத்திருப்பார் என்பதை இந்தப் பகுதிக்கு வரும் மாமனார்களின் கடிதங்களிலிருந்து நான் அறிவேன்.

தங்கைக்கு லீவு வேண்டும், அதனால் முன்கூட்டியே சொன்னேன் என்கிறீர்கள். நியாயம்தான். ஓய்வுபெற்றவருக்கு லீவு தேவையில்லை, ஆகவே அவருடைய நாட்களுக்கு எவரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது அந்த நியாயத்தின் மறுபக்கம். இந்த நினைப்பு உங்களிடம் மட்டும் இல்லை. அமெரிக்காவுக்குப் பெற்றோரை வரவழைக்கும் முக்கால்வாசி வீடுகளில் இருக்கிறது. பகல் முழுவதும் பூட்டிய வீட்டில், கார் ஓட்டத் தெரியாமல், நடந்து போக ஒரு கடைகூட இல்லாத புறநகர்த் தெருவில் இருப்பவருக்கு, மகள் வரும் தேதி என்பது காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளக் கிடைக்கும் ஒரே செய்தி. அதையும் மறைத்துவிட்டு, வந்த அன்று மாலை அவர் இருக்கும் ஊரிலேயே ஆட்டம் பார்த்துவிட்டு, ஓட்டலில் தூங்கி எழுந்து, மறுநாள் இட்லி சாப்பிட மட்டும் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்துவதாகத் திட்டம். இதை எப்படி எழுதத் துணிந்தீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இனி உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். பிட்ஸ்பர்க்கிலிருந்து சிகாகோ பக்கம் போகும் ஓஹையோ சுங்கச்சாலை கிளீவ்லாந்தின் தெற்கு விளிம்பை ஒட்டித்தான் செல்கிறது. நகரின் நடுவுக்குப் போவதானால்கூட அரை மணி நேரம் விலகினால் போதும். நீங்களோ "நேராக வீடு" என்று எழுதியிருக்கிறீர்கள். போகும்போது இரண்டு மணி நேரம், வரும்போது மாமனார் வீட்டைத் தாண்டி 70 மைல் வேகத்தில் ஒரு பாய்ச்சல். பேஸ்பால் மைதானம் எதையாவது இப்படித் தாண்டிப் போயிருப்பீர்களா?

உங்கள் மனைவி தவறான இடத்தில் கத்தரிக்கோலை வைக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூப்பர்ஸ்டவுனை வெட்ட வேண்டாம். 1839-இல் ஆப்னர் டபுள்டே என்பவர் அந்த ஊரில்தான் இந்த ஆட்டத்தை உருவாக்கினார் என்ற கதையை இன்று வரலாற்றாசிரியர்கள் எவரும் ஏற்பதில்லை. ஆனாலும் 1939-இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகமும், பக்கத்திலேயே உள்ள ஒட்செகோ ஏரியும் ஆட்டம் பிடிக்காதவரையும் ஒரு பகல் நிறுத்தி வைக்கும். ஜூலை இறுதியில், அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற வீரர்கள் வரிசையில் புதியவர்களைச் சேர்க்கும் விழா நடக்கும் வார இறுதி மட்டும் வேண்டாம். அந்தச் சின்ன ஊரில் அப்போது நிற்கக்கூட இடமிருக்காது. வெட்ட வேண்டியது பிட்ஸ்பர்க் ஆட்டம். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு அன்றே கிளம்பினால் இரண்டரை மணி நேரத்துக்குள் கிளீவ்லாந்து. அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டால் இரவுக்குள் நேப்பர்வில் போய்ச் சேரலாம், கடிகாரத்தில் ஒரு மணி நேரம் லாபமும் கிடைக்கும். முதல் நாள் ஓட்டலை ரத்து செய்துவிட்டு மைத்துனர் வீட்டில் தங்குங்கள், மறுநாள் மதியம் வரை இருங்கள்; நயாகரா அங்கிருந்து மூன்றரை மணி நேரம்தான், அருவி எங்கும் போய்விடாது. மனைவி கேட்ட இரண்டு நாளில் பெரும்பகுதி இப்படியே கிடைத்துவிடுகிறது.

கிளீவ்லாந்து ஆட்டத்துக்கு மாமனாரையும் மைத்துனரையும் அழைத்துப் போங்கள். கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். கிரிக்கெட் தெரிந்தவருக்குப் பேஸ்பாலைச் சொல்லிக் கொடுப்பதைவிட எளிது எது? ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அணிக்கும் மூன்று அவுட், அவ்வளவுதான். பந்து வீசக் கால அளவு வைத்த 2023-க்குப் பிறகு ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஐந்து நாள் டெஸ்ட் பார்த்த கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஸ்கோர் அட்டை ஒன்றும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு பந்தடி வீரரின் கதியையும் கட்டத்தில் குறித்துக்கொண்டே பார்க்கும் ரசிகர்கள் அந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள், உங்கள் மாமனாருக்கு அது பிடித்துப்போகும் என்று பந்தயம் கட்டுவேன். பக்கத்து இருக்கைகள் கிடைக்கவில்லையென்றால், உங்கள் இருக்கையில் மகளுக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் வேறு இடத்தில் உட்காருங்கள்.

உழைத்தவருக்கு ஓய்வு வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கல்யாணத்தோடு மனைவியின் தகப்பனாரும் உங்கள் பொறுப்பில் சேர்ந்துவிட்டார். அந்தப் பொறுப்பிலிருந்து 12 நாள் லீவு எடுக்க முடியாது.

இந்த இதழைப் படித்து முடித்ததும் அவருக்குப் போன் செய்யுங்கள். மனைவியைப் பேசவைக்காதீர்கள், நீங்களே பேசுங்கள். "மாமா, தேதி எனக்கு முன்பே தெரியும், சொல்லாமல் விட்டது என் தப்பு" என்று தொடங்கி, வரும் நாள், கிளம்பும் நாள், திரும்பி வரும் நாள் மூன்றையும் நேரத்தோடு சொல்லுங்கள். அவர் எழுதிக்கொள்ளும் வரை காத்திருங்கள். அன்று மாலை மழை பெய்து ஆட்டம் நின்றுபோனாலும் அந்த நாட்களில் ஒன்றைக்கூட மாற்றாதீர்கள். தள்ளிப்போன ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம்.