லேப்டாப் சூட்டைக் குறைக்க: பிராசஸரின் உச்ச வேகத்தை மட்டும் வெட்டுங்கள்

கேள்வி: ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன். கோர் ஐ5-8250யு பிராசஸர் உள்ள பழைய லேப்டாப், விண்டோஸ் 11. வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் இரைகிறது, கீபோர்டில் கை வைக்க முடியாத சூடு. மென்பொருள் போட்டு பிராசஸரின் வேகத்தைக் குறைக்கலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா? பிராசஸர் கெட்டுவிடாதா? எந்த மென்பொருளை இறக்குவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். வேகத்தைக் குறைப்பதால் பிராசஸர் கெடாது. நாள் முழுக்க அது தானாகவே வேகத்தை ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருக்கிறது. இன்டெல் 2000-லேயே லேப்டாப்களுக்கான பென்டியம் 3-இல் ஸ்பீட்ஸ்டெப் என்ற பெயரில் இந்த வசதியைக் கொண்டுவந்துவிட்டது. மென்பொருள் எதையும் இறக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது விண்டோஸிலேயே இருக்கிறது.

உங்கள் பிராசஸரின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். (சில லேப்டாப்களில் 1.8 என்று காட்டும், அதுவும் சரிதான்.) வேலை கூடும்போது டர்போ பூஸ்ட் என்ற தானியங்கி வசதி அதை 3.4 வரை தூக்கிவிடும். சூடு பெரும்பாலும் இந்த மேல் பாதியில்தான் பிறக்கிறது. வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். மின்செலவோ வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். வேகம் பாதியாகி, வோல்டேஜ் கால் பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5 × 0.75 × 0.75, அதாவது சுமார் 0.28. பாதி வேகத்தை விட்டுக்கொடுத்தால் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட மின்செலவு மிச்சம். அதனால்தான் உச்சியை மட்டும் வெட்டுங்கள் என்கிறேன்.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறங்கள். நீங்கள் பயன்படுத்தும் பிளானுக்குப் பக்கத்தில் உள்ள 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்', அப்புறம் 'சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்'. வரும் பட்டியலில் 'பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்' என்பதை விரித்தால் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' இருக்கும். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனியாக 100% என்று இருப்பதை 99% ஆக்கி அப்ளை கொடுங்கள். ஒரு சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். 100-க்குக் கீழே இறங்கியதும் உங்களுடையது போன்ற இன்டெல் பிராசஸர்களில் டர்போ நின்றுவிடும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள், வேகம் 1.6, 1.8 பக்கத்திலேயே நிற்கும். திரும்ப 100 ஆக்கினால் உடனே பழைய வேகம் வந்துவிடும். ரீஸ்டார்ட் கூடத் தேவையில்லை.

சில லேப்டாப்களில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்ற வரியே தெரியாது. அப்படியானால் செட்டிங்ஸில் பவர் மோடை 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' என்று வையுங்கள். முழுப் பலன் கிடைக்காது, ஆனாலும் சூடு குறையும்.

99 இவ்வளவு நன்றாக வேலை செய்தால் 50 இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். வேண்டாம். அடிப்படை வேகத்துக்குக் கீழே போகப் போக வோல்டேஜ் இறங்க அதிக இடமில்லை. மிச்சமாகும் மின்சாரம் குறைவு, வேலையோ இழுத்துக்கொண்டே போகும். 'மினிமம் பிராசஸர் ஸ்டேட்' 5% என்று இருந்தால் அப்படியே விடுங்கள். அதை 100 ஆக்கினால் லேப்டாப் பறக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. சும்மா இருக்கும் நேரத்திலும் வேகத்தை இறங்கவிடாமல் செய்யும் யோசனை அது.

வேகம் குறைந்தால் வகுப்பு திணறுமா? வீடியோ அழைப்புக்கு நான்கு கோர்களும் அடிப்படை வேகமும் பொதுவாகப் போதும். ஆனால் உங்கள் பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆளையும் சுவரையும் பிரித்தெடுக்கும் வேலை அது. வகுப்பு நேரச் சூட்டில் அதற்கும் நல்ல பங்கு உண்டு.

த்ராட்டில்ஸ்டாப் போன்ற மென்பொருள்களைப் பற்றியும் தம்பி சொல்லியிருக்கலாம். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் குறைக்கவும் அதில் வழி உண்டு. நல்ல கருவிதான். ஆனால் வோல்டேஜைக் கொஞ்சம் அதிகமாகக் குறைத்தாலும் பாடத்தின் நடுவே நீலத்திரை வந்து நிற்கும். போதாததற்கு, 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்த பிறகு, பல லேப்டாப்களில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மூலம் அந்த வழியையே பூட்டிவிட்டார்கள். உங்கள் தேவைக்கு அது வேண்டியதில்லை.

99% வைத்த பிறகு ஒரு வகுப்பு முழுக்க ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜர் பிராசஸரின் சூட்டைக் காட்டாது. 60, 70 டிகிரியில் நின்றால் கவலையில்லை. டர்போ இல்லாமலும் 90-ஐத் தொட்டால் கோளாறு வேகத்தில் இல்லை: ஃபேனில் தூசி அடைத்திருக்கும், அல்லது பிராசஸரின் சூட்டை வெளியே கடத்த அதன் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். சர்வீஸ் கடையில் இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். கழற்றும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் கேளுங்கள். உப்பியிருந்தால் மாற்றும்வரை அந்த லேப்டாப்பை சார்ஜ் போட வேண்டாம்.