ஜாவா இன்டர்ஃபேஸில் மெத்தட் பெயரை மாற்றும் முன்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லைப்ரரியின் இன்டர்ஃபேஸில் உள்ள 'சேவ்' மெத்தடை 'ஸ்டோர்' என்று மாற்ற வேண்டும். ஐடிஇயில் ரீனேம் கொடுத்தால் போதாதா அண்ணா?

பதில்: உங்கள் ரெப்போவுக்குள் மட்டும் புழங்குவது என்றால் தாராளமாகக் கொடுங்கள். வெளியாட்கள் பயன்படுத்தினால் கூடாது. அவர்கள் முன்பே கம்பைல் செய்த ஜாரில் பழைய பெயர்தான் பதிந்திருக்கிறது. உங்கள் புதிய பதிப்போடு அதை ஓட்டினால், 'சேவ்'-ஐ அழைக்கும் இடத்தில் நோசச்மெத்தட்எரர் (அப்படியொரு மெத்தட் இல்லை என்ற பிழை) வரும். அவர்கள் எழுதிய கிளாஸில் 'ஸ்டோர்' இல்லாததால், அதை நீங்கள் அழைக்கும் இடத்தில் அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்எரர் (மெத்தடுக்குக் கோட் எழுதப்படவில்லை என்ற பிழை) வரும். இரண்டும் புரொடக்‌ஷனில் ஓடும்போதுதான் தெரியவரும்.

பழையதைத் தொடாதீர்கள். 'ஸ்டோர்'-ஐ டிஃபால்ட் மெத்தடாக (இன்டர்ஃபேஸுக்குள்ளேயே கோட் எழுதப்பட்ட மெத்தட்) சேர்த்து, அதற்குள்ளிருந்து 'சேவ்'-ஐ அழையுங்கள். 2014-இல் வந்த ஜாவா 8 முதல் இது முடியும்.

கேள்வி: அப்போது புதிதாக இம்ப்ளிமென்ட் செய்பவரும் 'சேவ்'-ஐத்தானே எழுத வேண்டும்? இரண்டையும் டிஃபால்ட் ஆக்கி ஒன்றையொன்று அழைக்க வைக்கலாமா?

பதில்: ஒருவர் இரண்டையுமே எழுதாமல் விட்டாலும் கம்பைல் ஆகிவிடும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முடிவில்லாமல் அழைப்பதால், அழைத்ததும் ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎரர். அதோடு, அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் (கோட் இல்லாமல் பெயர் மட்டும் அறிவித்தது) ஒன்றுகூட இல்லாத இன்டர்ஃபேஸுக்கு லாம்டா (தனி கிளாஸ் எழுதாமல் தரும் பெயரற்ற சிறு ஃபங்ஷன்) எழுத முடியாது. எனக்கு இந்த வழி பிடிப்பதில்லை. இப்போதைக்குப் பழையதே அப்ஸ்ட்ராக்டாக இருக்கட்டும். அடுத்த மேஜர் பதிப்பில் திருப்பிப் போடுங்கள்: 'ஸ்டோர்' அப்ஸ்ட்ராக்ட், 'சேவ்' அதை அழைக்கும் டிஃபால்ட். அப்போது இம்ப்ளிமென்ட் செய்தவர்கள் மட்டும் தங்கள் கோட்-ஐ மாற்ற வேண்டும். அழைப்பவர்களுக்கு எதுவும் உடையாது. 'சேவ்'-ஐ நீக்குவது அதற்கும் அடுத்த மேஜர் பதிப்பில்.

கேள்வி: பழைய மெத்தடில் டெப்ரிகேட்டட் அனோட்டேஷன் ('இனி இதைப் பயன்படுத்தாதீர்கள்' என்ற குறி) போட்டால் எல்லோருக்கும் எச்சரிக்கை போகுமா?

பதில்: போகாது. இன்டர்ஃபேஸ் மெத்தடில் போட்டது, அதை ஓவர்ரைட் செய்த கிளாஸ் மெத்தடுக்கு இறங்கி வராது. கிளாஸ் டைப்பை வைத்து அழைப்பவர் எச்சரிக்கையே பார்க்கமாட்டார். உங்களிடம் உள்ள இம்ப்ளிமென்டேஷன்களிலும் தனித்தனியாகப் போடுங்கள். எதற்கு மாற வேண்டும் என்பதை ஜாவாடாக்கில் எழுதுங்கள். அது இல்லாத எச்சரிக்கையை யாரும் மதிக்கமாட்டார்கள். நீக்கும் பதிப்பு முடிவானதும் அனோட்டேஷனில் 'ஃபார்ரிமூவல்' (நீக்கப்போகிறோம் என்ற குறிப்பு) சேர்த்துவிடுங்கள் (ஜாவா 9 முதல்). 'டெப்ரிகேஷன்' எச்சரிக்கையைச் சப்ரஸ் செய்து மறைத்தவர்களுக்கும் அந்த எச்சரிக்கை வரும்.

கேள்வி: யார் இன்னும் பழையதை அழைக்கிறார்கள் என்று ஜேடெப்ரிஸ்கேன் (டெப்ரிகேட்டட் ஆனவற்றின் பயன்பாட்டைத் தேடும் ஜேடிகே கருவி) காட்டுமா?

பதில்: காட்டாது. அது ஜாவாவின் சொந்த ஏபிஐயை மட்டும் பார்க்கும்.

கேள்வி: டிஃபால்ட் மெத்தட் சேர்ப்பதால் யாருக்கும் உடையாது, சரிதானே?

பதில்: பெரும்பாலும் சரி. ஆனால் ஜாவா 15-இல் கேர்சீக்வென்ஸ் என்ற ஜாவாவின் சொந்த இன்டர்ஃபேஸில் 'இஸ்எம்ப்டி' டிஃபால்ட்டாக வந்தபோது, அதே பெயரில் டிஃபால்ட் வைத்திருந்த வேறொரு இன்டர்ஃபேஸையும் சேர்த்து இம்ப்ளிமென்ட் செய்த கிளாஸ், அதைத் தானே எழுதியிருக்காவிட்டால் கம்பைல் ஆகாமல் போனது. 'ஸ்டோர்' போன்ற பொதுவான பெயருக்கும் இதே சிக்கல் வரலாம்.