அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெக்சிகோவின் கான்கூனில் ஆல்-இன்க்ளூசிவ் (சாப்பாடு, குடி எல்லாம் வாடகைக்குள் அடங்கிய) ரிசார்ட் போகலாமா? நாங்கள் சைவம், குடிப்பதும் இல்லை. காசுக்குத் தகுமா?

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரத்தில் டாலஸிலிருந்து ஆறு பேர் போய் வந்தோம். நான், மனைவி, நாலும் ஒன்பதும் வயதில் இரண்டு பெண்கள், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த அப்பா, அம்மா. ஐந்து இரவு, இரண்டு அறை, விமான டிக்கெட் சேர்க்காமல் 4,200 டாலர் சொச்சம் ஆனது.

சாப்பாட்டையும் குடியையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. பீர், டெக்கீலா விலை எல்லாம் அந்த வாடகைக்குள்ளேயே இருக்கிறது. நாம் தொடாவிட்டாலும் யாரும் கழித்துத் தரப்போவதில்லை. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் என் அப்பா.

டாலஸில் அவரால் தனியாகப் போய் ஒரு டீ குடிக்க முடியாது. நடக்கிற தூரத்தில் கடை கிடையாது, கார் ஓட்டத் தெரியாது. மன்னார்குடியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வேண்டியதை வாங்கிக் கொடுத்திருப்பார். இங்கே நான் ஆபீஸ் மீட்டிங் முடிந்து வருகிற வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ரிசார்ட்டில் நுழைந்ததும் எல்லார் கையிலும் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். முதல் நாள் முழுக்க ஒவ்வொரு ஜூஸுக்கும் "இது எவ்வளவுடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காசு கேட்க மாட்டார்கள் என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவரையும் சின்னவளையும் காணோம். பதறிப்போய்த் தேடினால், நீச்சல் குளத்துக்கு அந்தப் பக்கம் ஐஸ்க்ரீம் கவுண்டர் முன்னால் நிற்கிறார். ஸ்பானிஷும் தெரியாது, ஆங்கிலமும் கொஞ்சம்தான். இரண்டு விரலைக் காட்டி, பட்டை கட்டிய கையைத் தூக்கிக் காட்டி, இரண்டு கோன் வாங்கிவிட்டார். அப்புறம் தினமும் நாலு மணிக்கு அது அவர் டியூட்டி.

அம்மாவுக்குத்தான் பழக நாள் பிடித்தது. அறையைச் சுத்தம் செய்ய ஆள் வருவதற்கு முன்னால் இவரே படுக்கையைத் தட்டி மடித்து வைத்துவிடுவார். "அந்தப் பொண்ணு வந்து பார்த்தா என்ன நினைக்கும்?"

சரி, சைவச் சாப்பாடு. இங்கேதான் கவனம் வேண்டும். மெக்சிகோவில் மசித்த பீன்ஸைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். அதன் பெயர் மன்டேகா. சிவப்புச் சோற்றைக் கோழி வேகவைத்த தண்ணீரில் சமைப்பது சாதாரணம். கோதுமை டோர்ட்டியாவிலும் கொழுப்பு இருக்கலாம், சோள டோர்ட்டியாதான் பாதுகாப்பு. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மன்டேகா" (இறைச்சி, கோழி, மீன், கொழுப்பு இல்லாமல்) என்று ஒரு சீட்டில் ஸ்பானிஷில் எழுதி வைத்துக்கொண்டோம். பஃபேயில் சமையல்காரரையே கேட்டுவிடுவது நல்லது. எங்களுக்குச் சலிக்காமல் தனியாகச் செய்து கொடுத்தார்கள்.

மற்றபடி அந்த ஊர் நாக்கு நம் நாக்குதான். மாங்காயிலும் வெள்ளரியிலும் மிளகாய்ப் பொடி, எலுமிச்சை. புளியில் மிட்டாய், புளியில் ஜூஸ். ஹமாய்க்கா என்று ஒரு சிவப்புப் பானம் கொடுப்பார்கள். நம் புளிச்சகீரை இனத்துச் செடியின் பூவடியில் இருக்கும் சிவப்புப் புல்லியை ஊறவைத்துச் செய்வது, அதே புளிப்பு. காலை பஃபேயில் இனிப்பில்லாத தயிர், மதியம் ஆசிய உணவுக் கவுண்டரில் வெள்ளைச் சோறு. அம்மா காலையிலேயே இரண்டு கிண்ணம் தயிரை அறை ஃப்ரிட்ஜில் ஒதுக்கி வைத்துவிடுவார். தொட்டுக்கொள்ள ஹபனேரோ மிளகாய் சாஸ். அந்த ஒரு சாஸுக்காகவே, கான்கூன் இருக்கும் யுகட்டான் பகுதிக்கு இன்னொரு தடவை போகலாம்.

பிள்ளைகளுக்கு எது முக்கியம் என்றால், ஹோட்டல் எந்தக் கரையில் இருக்கிறது என்பது. கான்கூன் ஹோட்டல் பகுதி வரைபடத்தில் 7 என்ற எண் மாதிரி இருக்கும். மேல் கோடு வடக்கே பார்த்தது. எதிரே இஸ்லா முஹேரஸ் தீவு இருப்பதால் கடல் அமைதியாக இருக்கும், ஆழமும் குறைவு. நீளக் கோடு திறந்த கரீபியன் கடலைப் பார்த்தது. படத்தில் அழகு, ஆனால் அலையும் இழுப்பும் அதிகம். சிவப்புக் கொடி ஏற்றினால் நாலு வயதுப் பிள்ளை மணலோடு சரி. நாங்கள் மேல் கோட்டில் எடுத்தோம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கரை ஒதுங்குவது 2011-க்குப் பிறகு அந்தக் கடல் முழுவதும் பெரிய தொல்லை. அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். நவம்பர் கடைசியில் பாசி கண்ணிலேயே படவில்லை. புயல் பருவமும் அப்போது முடிகிற நேரம்.

நாங்கள் ஏமாந்த கதையும் உண்டு. விமான நிலையத்தில் சுங்கம் தாண்டியதும் சீருடைச் சட்டை, அடையாள அட்டையோடு வரிசையாக நின்று "டாக்ஸியா?" என்று கூப்பிடுகிறவர்களில் பலர் டைம்ஷேர் (வருஷத்தில் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உரிமை) விற்பவர்கள். அவர்களைத் தாண்டி வெளியே வந்து, முன்பதிவு செய்த வண்டியைத் தேடுங்கள். இது தெரிந்துதான் போனோம், அங்கே தப்பித்தும் விட்டோம். மறுநாள் ரிசார்ட்டுக்குள்ளேயே "வரவேற்புக் காலை உணவு" என்று கூப்பிட்டார்கள். இரண்டரை மணி நேரம். நாலாவது தடவை விலையைக் குறைத்தபோது மனைவி எழுந்துவிட்டாள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் லிஃப்ட் பக்கத்தில் அறை கேட்டு முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டிருந்தோம். இடம் அவ்வளவு பெரியது, அறையிலிருந்து பஃபேக்கே கால் மணி நேரம் ஆகும். ஒரு டாலர் நோட்டுகள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்தாயிற்று என்றாலும் டிப்ஸ் கொடுப்பதுதான் வழக்கம். இது அப்பாவுக்குக் கடைசி வரை புரியவில்லை. சுற்றுச்சூழல் கட்டணம் என்று அறைக்கு ஓர் இரவுக்குச் சில டாலர் ஹோட்டலில் தனியாகக் கட்ட வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா முத்திரை பாஸ்போர்ட்டில் இருந்தால் இந்தியர்களுக்குத் தனி மெக்சிகோ விசா வேண்டியதில்லை. உங்களிடம் இருப்பது எச்1பி (அமெரிக்க வேலை விசா) என்றால், அதன் முத்திரை காலாவதியாகியிருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன் விதியைப் பாருங்கள்.

சிச்சென் இட்ஸா பிரமிடுக்கு ஒரு நாள் போனோம், போக மட்டும் இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் அப்பா "ஆறு எங்கடா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சுண்ணாம்புப் பாறை நிலம், மழைத்தண்ணீர் எல்லாம் பூமிக்குள் இறங்கி அடியிலேயே ஓடுகிறது என்றேன். காவிரித் தண்ணீரை நம்பி விவசாயம் பார்த்தவர், நம்பவில்லை. செனோட்டே என்ற பள்ளத்துக் குளத்தை எட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சு நின்றது.

டாலஸ் திரும்பிய மறுநாள், நாலு மணிக்குச் சின்னவள் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து "தாத்தா, ஐஸ்க்ரீம்" என்றாள். அப்பா வெறும் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கார் சாவியை எடுத்தேன்.