காபி நாற்று மஞ்சளானால் முதலில் நிழல், அப்புறம்தான் உரம்

தஞ்சாவூரில் மொட்டை மாடியில் ரொபஸ்டா வகைக் காபி நாற்று வைத்திருக்கிறேன், இலை மஞ்சளாகிறது, எந்த உரம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது எந்த உரமும் போடாதீர்கள். நான் போட்டு இழந்திருக்கிறேன்.

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. குடகில் எஸ்டேட் வேலையில் இருக்கும் மச்சான் 2018 ஆடியில் 50 ரொபஸ்டா நாற்று கொண்டுவந்து கொடுத்தார். டெல்டாவில் காபியா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், மலைத் தோட்டம் மாதிரி காய்க்கும் என்று நான் சொல்லவே இல்லை. 42 நாற்றைத் தென்னைக்கு நடுவிலும் 8 நாற்றை வீட்டு வடக்குச் சுவரோரமும் பையோடு வைத்தேன். ஐப்பசி வரை நன்றாகத் தழைத்தது.

நவம்பர் 16 கஜா புயல். விடிந்தபோது தோப்பே படுத்துக் கிடந்தது. மரத்தடியில் நசுங்கியது போக 30 நாற்று நின்றது, தலைக்கு மேல் ஒரு கீற்று நிழல் கிடையாது. கரண்ட் இல்லாததால் போர் ஓடவில்லை, குடத்தில் சுமந்துதான் ஊற்றினோம். பத்தே நாளில் இலை வெளிறி மஞ்சளானது. சத்துக் குறைவு என்று நினைத்து யூரியாவைக் கரைத்து எல்லாச் செடிக்கும் ஊற்றினேன். நாலாம் நாள் இலை ஓரம் பீடி இலை மாதிரி பழுப்பாகிச் சுருண்டது, தொட்டால் நொறுங்கியது. 19 செடி போய்விட்டது. ஆனால் அதே யூரியாத் தண்ணீர் ஊற்றிய, சுவர் நிழலில் இருந்த செடிகள் எட்டும் கருகவில்லை, இன்னும் கரும்பச்சையாகின.

காபி, காட்டு மரங்களின் அடியில் வளர்ந்து பழகிய இனம். நேர் வெயிலில் இலையின் பச்சையமே சிதைந்து வெளிறும், அது பசியால் வரும் மஞ்சள் இல்லை. வேர் சின்னது, மண் காய்ந்திருக்கும்போது யூரியா மாதிரி உப்பு உரம் போட்டால் வேரால் நீரை இழுக்க முடியாது.

மீதி 11 செடிக்கு விழுந்த கீற்றாலேயே பந்தல் போட்டேன். கீற்றுக்குத்தான் பஞ்சமில்லையே. விழுந்த தென்னை மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்றார்கள், ஆனால் கணக்கெடுக்க வந்தவர் குருத்து முறிந்து நின்ற 23 மரத்தை "நிற்குதே" என்று எழுதாமல் விட்டுவிட்டார். சித்திரைக்குள் அத்தனையும் பட்டுப்போனது. இன்றுவரை அதற்கு ஒரு பதில் இல்லை.

சரி, உங்கள் செடிக்கு வருகிறேன். பாதி வெளிச்சம் தடுக்கும் நிழல்வலை கட்டுங்கள், மேற்கு வெயில் விழவே கூடாது. அதற்காக இருட்டில் வைத்துவிடாதீர்கள், கணுவுக்குக் கணு நீண்டு தண்டு மெலிந்துவிடும். மண் ஈரமாக இருக்கட்டும், தேங்கக் கூடாது. புதிதாக இரண்டு ஜோடி இலை பச்சையாக வந்த பிறகு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி மேல்மண்ணில் கலந்துவிடுங்கள். அப்போதும் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது வேறு சங்கதி, உங்கள் போர்த் தண்ணீரைச் சோதித்துவிட்டுக் கேளுங்கள்.