செயற்கைக் கிட்னி எப்போ வரும்? கேள்வி பதில்

(பெங்களூரில் டயாலிசிஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் நான், டாக்டர் இல்லை. அல்சூர்ல நம்மவங்க கேட்டதுக்குச் சொன்ன பதில்கள்.)

ஸ்ரீராமபுரம் தம்பி: அண்ணா, உடம்புக்குள்ளேயே வைக்கிற கிட்னி வந்துடுச்சுன்னு வாட்ஸ்அப்ல பார்த்தேன். அப்பாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். கிட்னி மாத்துற ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா?

அதுக்காகத் தள்ளிப் போடாதீங்க தம்பி. கலிஃபோர்னியாவில் ஷுவோ ராய் குழு செய்யறது அது. ரத்தத்தை வடிகட்ட சிலிக்கான் சவ்வு, பக்கத்தில் உயிருள்ள சிறுநீரகச் செல்கள். பம்ப் கிடையாது, இதயம் தள்ளுற வேகமே போதும். 2023-ல் செல் பகுதியை மட்டும் 7 நாள் ஓட்டிக் காட்டினாங்க. அதுவும் பன்றிக்குள்ள.

கல்லூரி மாணவி: வடிகட்டி இருக்கே, செல் எதுக்கு?

நல்லாக் கேட்டம்மா. கிட்னி நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுது, சிறுநீராப் போறது ஒன்றரை லிட்டர்தான். போகிக்கு வீட்டையே காலி பண்ணிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே வைக்கிற மாதிரி. காலி பண்ற வேலைக்கு 1943-லேயே ஹாலந்தில் வில்லெம் கோல்ஃப் செல்லோஃபேன் குழாயைச் சுத்தி மெஷின் கட்டிட்டார். பொறுக்கி உள்ளே வைக்கிறதுக்குத்தான் இன்னும் செல்லை விட்டா ஆள் இல்லை.

கே.ஆர்.புரம் அக்கா: பன்றிக் கிட்னியே வெச்சாங்களாமே?

ஆமாக்கா, அமெரிக்காவில் பாஸ்டனில் ஒருத்தருக்கு, 2024 மார்ச். 69 மரபணு மாற்றம் செஞ்சது. அவர் ரெண்டு மாசத்தில் இறந்தார். கிட்னியால்னு அறிகுறி இல்லைன்னாங்க. அடுத்த வருஷம் அங்கேயே இன்னொருத்தருக்கு 271 நாள் ஓடுச்சு, அப்புறம் எடுத்துட்டாங்க.

பெல்லந்தூர் சார்: நம்ம ஊருக்கு எது முதலில் உதவும்?

தண்ணியை மிச்சப்படுத்தறது எதுவோ அது சார். டயாலிசிஸ்ல ரத்தக் கழிவை வாங்கிக்கிற திரவம் நிமிஷத்துக்கு 500 மில்லி ஓடும், 4 மணி நேரம்னா ஒருத்தருக்கு 120 லிட்டர் ஆர்.ஓ. தண்ணி. ஆர்.ஓ. கழிச்சு விடுறது தனிக் கணக்கு. 2024 கோடையில் டேங்கருக்கு நாம நின்னது ஞாபகம் இருக்கா? அழுக்கான அந்தத் திரவத்தையே ஒரு கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி டப்பா) வழியா சுத்தம் பண்ணித் திரும்ப ஓட்டினா 6 லிட்டரே போதும். யூரியாவை ஒரு நொதி அமோனியாவா உடைக்கும், அதைச் சிர்கோனியம் பாஸ்பேட் பிடிச்சுக்கும். 1970-களிலேயே வந்த சரக்குதான். ஒவ்வொரு தடவையும் புதுக் கார்ட்ரிட்ஜ் போடணும், விலை கட்டலை. இடுப்பில் கட்டிக்கிற மெஷினுக்கும் இதுதான் அடிப்படை. என் பந்தயம் இதுமேலதான்.

பெயர் வேண்டாம் என்றவர்: வாழைத்தண்டுச் சாறு குடிச்சா கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) இறங்குமா?

இறங்காது. பொட்டாசியம்தான் ஏறும்.