ரோஜா சிவப்பு, எழுத்து பழுப்பு

கேள்வி: கண்காட்சியில் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண் ஒருவரின் நினைவு ஆல்பம் (தோழிகள் கவிதை எழுதி, படம் வரைந்து தரும் ஏடு) பார்த்தேன். நீர்வண்ண ரோஜா நேற்று வரைந்ததுபோல் இருக்க, பக்கத்துக் கவிதை மட்டும் பழுப்பேறியிருந்தது. ஏன்?

பதில்: ரோஜாவைக் காப்பாற்றியது இருட்டு. அக்காலக் கார்மைன் சிவப்பு வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும். மூடிய ஆல்பத்துக்குள் அந்தக் கவலை இல்லை. மை விஷயம் வேறு. மாசிக்காயும் (ஓக் மரத்தில் உண்டாகும் ஒரு முடிச்சு) அன்னபேதியும் (ஒருவகை இரும்பு உப்பு) சேர்ந்தது அது. எழுதியதும் கறுக்கும், காலப்போக்கில் பழுப்பாகும்; சில சமயம் தாளையே அரித்து ஓட்டை போடும்.

கவிதை? பல ஆல்பங்களில் தோழிகள் எங்கோ படித்ததைப் பார்த்து எழுதியதுதான். ஆனாலும் அடுத்த முறை வரிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். ஆல்பக்காரியின் பெயரே ஒளிந்திருக்கலாம். எனக்கு ரோஜாவைவிட அந்தக் குறும்புதான் பிடிக்கும்.