பழைய கார், சொந்தக் கை: எதை வாங்குவது, எதைத் தொடாமல் விடுவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பத்து வயதைத் தாண்டிய கார்களைப் பற்றியவை. எல்லோரும் கையில் ஸ்பேனரோடுதான் எழுதியிருக்கிறார்கள். அதனால் பதிலும் கொஞ்சம் கிரீஸ் வாசனையோடு இருக்கும்.

கேள்வி: என் காருக்கு 14 வயது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம்தான் வருகிறது, செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி போயிருக்கும் என்று புதிது வாங்கிப் போட்டேன். இரண்டு மாதம் ஓடியது, மறுபடியும் அதே கதை. ஆல்டர்னேட்டர் என்றார் ஒருவர், அதையும் மாற்றியாயிற்று. இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இதுவரை இரண்டு பொருள் வாங்கிவிட்டீர்கள். ஒரு தடவைகூட எதையும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய காரில் காசு கரைவதே இப்படி ஊகத்தில் வாங்கிப் போடுவதால்தான். மூன்றாவதாக நீங்கள் வாங்க வேண்டியது, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், விளக்கு எதையும் போடாமல், பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது அதே இடத்தில் 13.8-லிருந்து 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக சார்ஜ் ஏற்றுகிறது. பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் இதைப் பார்த்திருந்தால், மாற்றுவதா வேண்டாமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். சரி, போனது போகட்டும்.

அடுத்த சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. மீட்டரின் ஒரு குச்சியைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கட்டையின் மேலேயே வையுங்கள். கிளாம்ப்பின் மேல் வைத்தால் கணக்கு தப்பிவிடும். இன்னொரு குச்சியை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்திப் பிடியுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இப்போது வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த இரண்டு மூன்று நொடியில் மீட்டர் 0.2, 0.3 காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால், பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் ஒயரில் எங்கோ தடை இருக்கிறது. பேட்டரியில் கரண்ட் இருக்கும், ஆனால் மோட்டாருக்குப் போய்ச் சேராது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரில் தடித்த ஒயர் வந்து சேரும் போல்ட்டுக்கும் நடுவே இதே சோதனையைச் செய்யலாம்.

14 வயது வண்டியில் எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடத்தில் துரு பிடித்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கழற்றி, எமரி பேப்பரால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, திரும்ப முடுக்குங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வரிசை மாறி, பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டுவிட்டால் தீப்பொறி பறக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்குகிறதா? அப்போது எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்குவதற்கு அரை மணி நேரம் விட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய ஒயருக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது இயல்பு. அதிகம் என்றால் ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் இறங்குகிறதோ அந்த வழியில்தான் திருடன். டிக்கி மூடிய பிறகும் அணையாத சின்ன விளக்கு எத்தனையோ பேரை இப்படி அலைய விட்டிருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: மீட்டர் ஆம்பியரில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

இவ்வளவும் பார்த்து எல்லாம் சரி என்றால், செல்ஃப் மோட்டாரை வாங்குங்கள்.

கேள்வி: 1,80,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் இன்ஜின். வயதான இன்ஜினுக்குத் தடிமனான ஆயில்தான் நல்லது என்கிறார்களே?

கையேட்டில் பெரும்பாலும் இரண்டு மூன்று தரம் கொடுத்திருப்பார்கள். 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் அதில் இருந்தால், வயதான இன்ஜினுக்குச் சற்றுத் தடித்த இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. அந்தப் பட்டியலைத் தாண்டிப் போகாதீர்கள். ரொம்பத் தடித்த ஆயில் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும், தேய்மானத்தை ஆற்றாது. குளிர்ந்த இன்ஜினில் மேலே ஏறத் தாமதமாகும், அந்த நேரத்தில் தேய்மானம் கூடும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண் குறையக் குறைய, குளிரிலும் ஆயில் சுலபமாக ஓடும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஆயில் எவ்வளவு குறைகிறது என்று அளப்பது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் கம்பியைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். பல கார்களில் கம்பியின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் காணாமல் போனால் இன்ஜினைப் பார்த்தே ஆக வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான், உள்ளே சுழலும் கிராங்க் தண்டு தட்டித் தட்டி ஆயில் நுரைத்துவிடும்.

நீங்களே ஆயில் மாற்றுவதாக இருந்தால் வடிகால் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள். 'இன்னும் ஒரு கால் சுற்று, கெட்டியாக இருக்கட்டும்' என்று முடுக்கி, அலுமினிய ஆயில் தொட்டியின் மரையை உருவி எடுத்தவன் நான். போல்ட் திடீரென்று வெண்ணெய் மாதிரி இளகிச் சுற்றும் பாருங்கள், அந்த உணர்வு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. ஆயில் மாற்றிச் சேர்க்க நினைத்த காசு முழுக்கப் புதுத் தொட்டிக்குப் போனது.

கேள்வி: இன்ஜின் விளக்கு எரிகிறது. காரின் கம்ப்யூட்டரில் பதிந்த பிழையைப் படிக்கும் ஓபிடி கருவி வாங்கிச் செருகிப் பார்த்தேன். பி0171 என்று வந்தது. தேடிப் பார்த்து ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். நான்கு நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. டூப்ளிகேட் சென்சார் கொடுத்துவிட்டார்களா?

சென்சார் நல்லதாகவே இருக்கலாம். தூது வந்தவன் வாலில் தீ வைத்த கதைதான் இது. அந்தப் பிழைக் குறியீடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லவே இல்லை. 'பெட்ரோலை விடக் காற்று அதிகமாக இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்கிறது. அதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்ன சென்சாரைத்தான் நீங்கள் கழற்றிப் போட்டீர்கள்.

அளவில்லாத காற்று எங்கிருந்தோ நுழைந்திருக்கலாம்: வெடித்த வேக்யூம் குழாய், இன்டேக் மேனிஃபோல்டின் (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டு போகும் குழாய்த் தொகுதி) காய்ந்த கேஸ்கெட் (இணைப்பின் இடைவெளியை அடைக்கும் தகடு). காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கேறிக் குறைத்துக் காட்டலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். இதில் எது என்று கண்டுபிடிக்க, நீங்கள் வாங்கிய கருவியே உதவும். அதில் ஃப்யூயல் டிரிம் என்று ஒரு எண் ஓடும். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுச் சமாளிக்கிறது என்பதுதான் அது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தால் நல்லது. 10-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓட நிற்கும்போது எண் அதிகமாக இருந்து, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்தால் இறங்கிவிடுகிறதா? காற்று ஒழுக்கு. ஐடிலில் ஒழுங்காக இருந்து, மேட்டில் இழுக்கும்போது ஏறுகிறதா? பெட்ரோல் வரத்தையும் ஏர்ஃப்ளோ சென்சாரையும் பாருங்கள்.

ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது முழுதாகத் தெரியும் குழாய், வளைக்கும்போது அடிப்பக்கம் வாயைப் பிளக்கும். 'உஸ்ஸ்' சத்தம் காதில் விழுந்தாலும் அதுதான். எரியும் ஸ்ப்ரேயைச் சூடான இன்ஜின் மேல் அடித்து ஒழுக்குத் தேடச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். புகை விட்டுப் பார்க்கும் கருவி பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கும், அந்தச் சோதனைக்கு மட்டும் காசு கொடுங்கள்.

கேள்வி: முன் பிரேக் பேட் மாற்றுவது சுலபம் என்கிறார்கள். நானே செய்யலாமா?

எதைச் சொந்தமாகச் செய்வது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: தப்பானால் வண்டி கிளம்பாமல் போகும் வேலையைத் தைரியமாகத் தொடலாம். தப்பானால் வண்டி நிற்காமல் போகும் வேலையை, முதல் முறை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்ய வேண்டும். பிரேக் இரண்டாவது வகை.

டயர் நட்டுகளை வண்டியைத் தூக்கும் முன்பே தளர்த்துங்கள். பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் வண்டிக்கு அடியில் கொடுக்காதீர்கள். இந்த ஒன்றில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

பேட் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றும் நேரம். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் மேலே ஏறும், டப்பா வழிந்தால் பெயின்டை அரித்துவிடும். வேலை முடிந்ததும் முதல் மிதிக்கு பெடல் தரைவரை போகும். நின்ற இடத்திலேயே நாலைந்து முறை மிதித்து, பெடல் கெட்டியான பிறகே வண்டியை நகர்த்துங்கள். இதை மறந்து நேரே சுவரில் போய் முட்டியவர்கள் உண்டு.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். எனவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. திறந்து வைத்த பழைய டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள்.

கேள்வி: கம்பெனி ஒரிஜினல்தான் வாங்க வேண்டுமா? பிரித்து விற்கும் பழைய பாகம் வாங்கலாமா?

கார் கம்பெனி எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. அதே தயாரிப்பாளர் தன் சொந்தப் பெட்டியில் விற்கும் பாகம் பெரும்பாலும் அதே தரம்தான். பிரச்சினை போலிகளால். வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை முதலில் கண்டுபிடியுங்கள். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எடை, மரை, அச்செழுத்து.

பிரித்த வண்டியிலிருந்து கதவுப் பிடி, கண்ணாடி, சுவிட்ச், சீட் இதெல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரேக், பெல்ட், ஏர்பேக் வேண்டாம். டயரும் வேண்டாம் என்பேன். ஆசை விடவில்லை என்றால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையாவது படியுங்கள்; 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

கேள்வி: 12 வயது காரை இரண்டாம் கையாக வாங்கினேன். சர்வீஸ் சீட்டு எதுவும் இல்லை. டைமிங் பெல்ட் மாற்றியிருப்பதாக விற்றவர் சொன்னார். நம்பலாமா?

சீட்டு இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குவது பெல்ட்டா செயினா என்று பாருங்கள். பெல்ட் என்றால் பல கார்களில் 60,000 முதல் 1,00,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வார்கள். ஓடாவிட்டாலும் ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், வால்வு வளையும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் அந்தப் பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், கூலி ஒரே கூலிதான். இதை முதல் வேலையாக நீங்களே செய்து பழகாதீர்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இன்ஜின் ஒழுங்காக ஓடாது.

கேள்வி: இன்ஜினைக் குளிர வைக்கும் கூலண்ட் அடிக்கடி குறைகிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. தண்ணீரே ஊற்றி ஓட்டலாமா?

அவசரத்துக்கு ஒரு நாள் ஊற்றலாம். தொடர்ந்து ஊற்றினால் துருவும் உப்பும் படியும். முதலில் இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். அதன் ரப்பர் காய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் ஆவியாகிப் போகும். சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த கொதிநீர் முகத்தில்தான் வரும். அடுத்து, முன் சீட்டின் கால்விரிப்பைத் தூக்குங்கள். ஈரமும் இனிப்பு வாசனையும் இருந்தால், காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. குளிர்ந்த இன்ஜினை ஓட விட்ட கொஞ்ச நேரத்திலேயே மேல் குழாய் கல் மாதிரி ஆகிறதா, கூலண்ட் டப்பாவில் குமிழி வந்துகொண்டே இருக்கிறதா? அப்படியானால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட்டு, புகை வாயு கூலண்ட்டில் கலக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஒழுக்கை அடைக்கும் பொடியை அதற்கு முன் போட்டுவிடாதீர்கள். அது ஹீட்டரையும் சேர்த்து அடைத்துவிடும்.

பழைய கூலண்ட்டை வடித்த பாத்திரத்தைத் திறந்தபடி வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சமே போதும், சிறுநீரகம் செத்துவிடும்.